தேய்ந்த காசும் பேசும்

‘நாணயம்’ என்னும் ஒரே சொல் தமிழில் கையில் புழங்கும் காசையும் குறிக்கும். மனத்தில் இருக்க வேண்டிய நேர்மையையும் குறிக்கும். காசைக் கொடுப்பவரையும் வாங்குபவரையும் இணைப்பது நம்பிக்கையே ஆதலின், இரு பொருளும் ஒரு சொல்லில் வந்து அமர்ந்தது மிகப் பொருத்தமே. அந்த நம்பிக்கை எவ்வாறு அளக்கப்படுகிறது, பழுதுற்ற காசுக்கு மதிப்பு உண்டா, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழங்காசுகளை நம் குடும்பங்கள் என்ன செய்யலாம் என்பவற்றைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

பங்குப் பணி ஆற்றும் குருக்களுக்குப் பழங்காசுகளோடு உறவு ஏற்படக் காணிக்கைப் பெட்டி ஒன்றே போதும். 25 காசும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30-ஆம் நாளோடு செல்லாதவை ஆயின. எனினும் அவை இன்றளவும் பெட்டியில் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. வளைகுடா நாட்டிலிருந்து திரும்பியவரின் திர்காமும், எப்போதாவது ஓர் ஓட்டைக் காலணாவும் அவற்றோடு சேர்ந்து வரும். அவற்றுக்கு ஈடாகச் செல்லும் பணத்தைப் பெட்டியில் இட்டுவிட்டு, அவற்றைத் தனியே எடுத்துவைத்ததில் தொடங்கியதே அடியேனின் சிறு சேகரிப்பு.

நோட்டம் பார்த்தல்

காசின் தரத்தைச் சோதிப்பது நமக்குப் புதிய கலை அன்று. சங்கப் புலவர் சிலரின் பெயரோடு ‘வண்ணக்கன்’ என்னும் அடைமொழி சேர்ந்து வருவதைக் காண்கிறோம். வண்ணக்கன் என்பவன் நாணயத்தை நோட்டம் பார்ப்பவன். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘அன்றாடு நற்காசு’ என்றும் ‘பழங்காசு’ என்றும் பிரித்து எழுதியிருக்கிறார்கள். நிலம் விற்றாலும் விளக்குக்குக் கொடை அளித்தாலும், எந்தத் தரத்துக் காசு என்பதைக் கல்லில் வெட்டிவைக்கும் அளவுக்கு அதில் கவனம் இருந்தது. பிற்காலத்தில் தேய்ந்த ரூபாயை மாற்ற வந்தவரிடம் சராபுகள் ‘வட்டம்’ என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள். காசு தேயத் தேய வெள்ளி குறைகிறது. வெள்ளி குறையக் குறைய மதிப்பும் குறைகிறது என்பதே அவர்களின் கணக்கு.

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களிலேயே பழைய நாணயங்கள் ஒளிந்திருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ‘பணம்’ என்பதே ஒரு சிறு நாணயத்தின் பெயராக இருந்தது. ‘துட்டு’ என்னும் சொல் டச்சுக்காரரின் செப்புக்காசிலிருந்து வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் நூறு நயா பைசாவாக மாறியது. 1964-இல் ‘நயா’ உதிர்ந்து ‘பைசா’ மட்டும் நின்றது.

இன்றைய சேகரிப்பாளர்கள் வேறொரு அளவுகோலைக் கையாளுகிறார்கள். வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர், தம் நாட்டின் பழைய செப்புக்காசுகளுக்காக 1949-இல் 1 முதல் 70 வரையிலான மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தார். அதுவே பின்னர்ப் பிற நாணயங்களுக்கும் பரவியது. முகப்பில் மேடாக உள்ள பகுதிகளே முதலில் தேயும். ஆகவே அரசரின் கன்னம், தலைமயிர், மகுடத்தின் விளிம்பு ஆகியவற்றை உருப்பெருக்கி கொண்டு நோக்குவர். வேடிக்கை என்னவெனில், ‘நல்லது’ என்று பொருள்படும் ‘குட்’ என்னும் தரம் இந்த ஏணியில் ஏறக்குறைய அடிப்படியில் இருக்கிறது! அச்சடித்த நாளிலிருந்து எவர் கையிலும் புழங்காத காசே உச்சிப் படியில் அமர்கிறது.

இங்கே ஒரு முரண் இருப்பதை வாசகர் கவனித்திருப்பீர்கள். காசு பிறந்தது கைமாறுவதற்காக. அப்பணியை ஒருநாளும் செய்யாத காசுக்கு உயர்ந்த மதிப்பெண். ஐம்பது ஆண்டு உழைத்துத் தேய்ந்த காசுக்குத் தாழ்ந்த மதிப்பெண். சந்தை விலைக்கு இக்கணக்கு சரியே. ஆனால் ஒரு காசின் முழு மதிப்பையும் அது அளந்துவிடுமா?

காயங்களின் கதை

1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையில் 501 உரோமைப் பொற்காசுகள் கொண்ட புதையல் ஒன்று கிடைத்தது. அகுஸ்து காலம் முதல் வெஸ்பாசியன் காலம் வரை வெளியானவை அவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில், பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. எடை குறைந்த காசு இனி நாணயமாகச் செல்லாது, வெறும் பொன்னாகவே செல்லும் என்பதற்கு இட்ட அடையாளம் அது என்பது அறிஞர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று. சேகரிப்பாளருக்கு அது பழுது. வரலாற்று ஆசிரியருக்கோ அத்தழும்பே சாட்சி. உரோமைப் பேரரசரின் உருவத்துக்கு அஞ்சாமல் தம் நோட்டத்தையே நம்பிய கைகள் இந்நாட்டில் இருந்தன என்று அது அறிவிக்கிறது.

தமிழகத்தில் மிகுதியாகக் கிடைக்கும் உரோமை வெள்ளிக் காசுகள் அகுஸ்து, திபேரியு ஆகியோருடையவை. ஆண்டவர் இயேசு வரி செலுத்தும் காசைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள உருவம் யாருடையது என்று வினவிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். அந்தத் தெனாரியம் திபேரியுவின் உருவம் பொறித்த வகையைச் சேர்ந்தது என்பதே அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. எருசலேமில் புழங்கிய அதே வகைக் காசு மிளகுக்கு விலையாக நம் நாட்டுக்கும் வந்தது என்று எண்ணும்போது, நற்செய்தியின் பக்கம் ஒன்று நம் மண்ணிலும் கிடப்பதுபோல் தோன்றுகிறது.

துளைகளிலும் இருவகை உண்டு. 1943 முதல் 1947 வரை வெளியான ஓட்டைக் காலணா, போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்துவதற்காக நாணயசாலையே துளையிட்டு வெளியிட்டது. அது அதன் பிறவி உரு, பழுதன்று. வெள்ளி ரூபாயில் ஆணியால் இட்ட துளையும், காசுமாலைக்காகப் பற்றவைத்த வளையமும் பின்னால் வந்தவை. இவை சந்தை விலையைப் பெரிதும் குறைத்துவிடும்.

தென்னேரியில் ஒரு பெட்டி

வாலாஜாபாத்துக்கு அருகே, கடல்போல் விரிந்த ஏரியைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கும் ஊர் தென்னேரி. திரையன் ஏரி என்பதே தென்னேரி என மருவிற்று என்பர். பட்டுத்தறியை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த இப்பகுதியில், ஒரு வீட்டு மூதாட்டி தம் மாமியார் விட்டுச்சென்ற ஏழு வெள்ளி ரூபாய்களை எடுத்துக் காட்டினார். ஐந்தில் வளையம் பற்றவைத்த தழும்பு. ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்ததில் ஏழும் பளபளவென்று மின்னின. அரசர் முகமோ நிழல்போல் ஆகிவிட்டது. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்கப் போனபோது, எடைக்கு மேல் ஒரு காசும் கிடையாது என்று வியாபாரி கூறிவிட்டாராம். “அப்போ இது வெறும் தகடுதானா, சாமி?” என்று அவர் கேட்டார்.

வியாபாரி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. அக்காலத்து ஒரு ரூபாய் 11.66 கிராம் எடையுள்ளது. 1939 வரை வெளியானவற்றில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் பாதியளவே வெள்ளி. 1947-இல் வெள்ளி முற்றிலும் நீங்கி நிக்கல் வந்தது. ஆண்டைப் பார்த்தாலே எது எவ்வளவு பெறும் என்று ஒருவாறு அறியலாம். இக்கணக்கைக் கேட்டபின், கட்டணத்துக்கு வேண்டிய ஐந்தை அவர் வேறொரு கடையில் முறையாக விற்றார். இரண்டைப் பேத்தியின் கையில் கொடுத்து, அவை யாருடைய கழுத்தில் கிடந்தவை என்று சொல்லிவைத்தார்.

நெசவாளருக்கு இது புரியாத செய்தி அன்று. பழைய அசல் சரிகைச் சேலையை எடைக்கு வாங்கி எரித்து வெள்ளியைப் பிரிப்பவர்கள் உண்டு. எரித்தபின் எஞ்சுவது உலோகம். அதை நெய்தவரின் கோர்வை வேலை சாம்பலோடு போய்விடும். உருக்கிய காசும் அத்தகையதே. தேவை வந்தால் விற்பதில் குற்றமில்லை. எதை விற்கிறோம் என்று அறிந்து விற்பதே அறிவுடைமை.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

முதலாவது, பழங்காசைக் கழுவித் தேய்க்காதீர்கள். சமையலறைப் பித்தளைக்குப் புளி நல்லது. காசுக்கு அது பகை. செம்பின்மேல் காலம் படியவிட்ட கருமையான மேற்பூச்சே அதற்குக் காப்பு. தேய்த்தால் அதனோடு எழுத்தும் போகும். விளிம்பைப் பிடித்துக் கையாளுங்கள், மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளில் வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பு ஏறும். தனித்தனிக் காகித உறையே மேல்.

இரண்டாவது, கிழிந்த நோட்டை வீசிவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி, 20 ரூபாய் வரையுள்ள நோட்டில் பாதிக்கு மேற்பட்ட பரப்பு ஒரே துண்டாக இருந்தால் முழு மதிப்பும் கிடைக்கும். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில், ஒரே துண்டு 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு. 40 முதல் 80 வரை இருந்தால் பாதி மதிப்பு. அதற்கும் குறைந்தால் ஒன்றுமில்லை. 2016 நவம்பர் 8-இல் செல்லாதவையான 500, 1000 ரூபாய் நோட்டுகளைப் பொறுத்தவரை, பத்துக்கு மேல் வைத்திருப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் 25 வரை வைத்திருக்கலாம்.

மூன்றாவது, ஏமாறாதீர்கள். பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்குப் பல இலட்சம் தருவதாகக் கைப்பேசியில் ஆசை காட்டி, முதலில் வரி கட்டு, கமிஷன் கட்டு என்று பணம் பறிப்போர் பெருகியுள்ளனர். தன் பெயரைச் சொல்லி இவ்வாறு கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டு மாதம் எச்சரித்தது. வாங்குகிறவர் பணம் தருவார். விற்கிறவரிடம் பணம் கேட்க மாட்டார். இவ்வொரு விதியை நினைவில் வைத்தாலே போதும்.

நான்காவது, ஏரி தூர்வாரும்போதோ வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ பழங்காசுக் குடம் கிடைத்தால் பங்கிட்டுக்கொள்ளாதீர்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பிரிந்து உருகிய காசு பொன் தரும். ஒன்றாகக் கிடைத்த இடத்தோடு பதிவான காசு வரலாறு தரும்.

தேய்ந்ததன் பேச்சு

1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் மதுரையில் வாங்கிய சிறு செப்புக்காசு ஒன்றில் ‘பெருவழுதி’ என்னும் பெயரைப் படித்தறிந்தார். இலக்கியத்தில் மட்டும் அறிந்திருந்த சங்கப் பாண்டியரின் பெயர், உலோகத்தில் எழுத்தாகக் கிடைத்தது. எடைக்குப் போட்டிருந்தால் அச்செம்புக்கு என்ன விலை கிடைத்திருக்கும்? தராசு அறியாத மதிப்பும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு இவ்வார்வத்தை ஊட்டப் பெருஞ்செலவு தேவையில்லை. காஞ்சியில் பிறந்த பேரறிஞர் அண்ணாவின் நூற்றாண்டுக்கு 2009-இலும், அன்னை தெரேசாவின் நூற்றாண்டுக்கு 2010-இலும் வெளியான ஐந்து ரூபாய்க் காசுகள் கடைச் சில்லறையில் இன்றும் எப்போதாவது கைக்கு வருவதுண்டு. அவற்றிலிருந்து தொடங்கலாம். அதோடு, வீட்டிலுள்ள ஒவ்வொரு பழங்காசையும் ஓர் உறையில் இட்டு, இது யாருடையது, எப்போது கிடைத்தது, எதற்காக வைத்திருந்தார்கள் என்று இரண்டு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள். பாட்டி இருக்கும்போதே அவரைக் கேட்டு எழுதுங்கள். பின்னால் அதைச் சொல்ல வேறு எவரும் இரார்.