பழைய பெட்ஃபோர்டுக்கு எந்த டயர்?

மலையகத் தோட்டப் பாதைகளில் இன்னமும் சுமை இழுக்கும் பழைய பெட்ஃபோர்ட் லொறியின் எஞ்சின் ஓய்ந்துபோனால் அதற்கு வழி இருக்கிறது. ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். மரத்தில் பொடி கட்டத் தெரிந்த தச்சர் பக்கத்து டவுனிலேயே இருப்பார். கியர்பெட்டி, எக்ஸல், ஸ்டியரிங் பாகங்களைத் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் அலைந்தால் ஏதாவது ஒன்று கைக்கு வந்துசேரும். டயர் அப்படியல்ல. ஐம்பது வருடத்துக்கு முந்தைய கியர்ச்சக்கரத்தைக் கழுவி மாட்டலாம், ஐம்பது வருடத்துக்கு முந்தைய டயரை மாட்ட முடியாது. புத்தம் புதிதாக மூலையில் கிடந்தாலும் ரப்பர் கிழடாகிவிடும். ஆகவே லொறி எவ்வளவு பழையதாக இருந்தாலும் அதற்கான டயர் இன்று எங்கோ ஓர் ஆலையில் செய்யப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பெட்ஃபோர்ட் 1931இல் இங்கிலாந்தின் லூட்டனில் பிறந்த பெயர். 1980களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டர்ஸ் அந்த லொறித் தொழிலைக் கைமாற்றிவிட்டது. அந்தக் காலத்து பெட்ஃபோர்டுகளும் ஒஸ்டின், கொமர் லொறிகளும் பெரும்பாலும் 20 அங்குல ரிம்மில் ஓடியவை. டயரின் பக்கச் சுவரில் 7.50-20, 8.25-20, 9.00-20 என்று ஏதாவது ஒன்று இருக்கும். முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலக் கணக்கு. இன்னும் பழைய லொறியின் பதிவுப் புத்தகத்திலோ ரிம்மிலோ 34x7 என்று கண்டால் குழம்ப வேண்டியதில்லை, 7.50-20இன் பழைய எழுத்துமுறைதான் அது.

இந்த மூன்றில் 8.25-20, 9.00-20 இரண்டும் அவ்வளவு சிக்கலில்லை. இந்தியாவில் டாட்டா, அசோக் லேலண்ட் லொறிகள் பல பத்தாண்டுகள் இந்த அளவுகளில் ஓடியதால், அங்கே இவற்றுக்கான அச்சுகள் சாகவில்லை. நம் நாட்டிலும் களனியில் 1960களில் சோவியத் உதவியுடன் எழுந்த டயர் ஆலை பின்னர் கைமாறி, இன்று சியெட் களனி என்ற கூட்டு நிறுவனமாக லொறி டயர்களைத் தயாரிக்கிறது. சிறிய லொறிகளுக்கான 7.50-16 தெருத்தெருவாகக் கிடைக்கும். உண்மையில் திண்டாட வைப்பது 7.50-20தான். இன்றைய புதிய லொறி எதுவும் அதைக் கேட்பதில்லை. எனவே பழைய வாகனப் பிரியர்களுக்கென்றே டயர் விற்கும் வெளிநாட்டு வணிகர்களிடமோ, பழைய இராணுவ வாகனங்களுக்கு டயர் தரும் இடங்களிலோதான் தேட வேண்டியிருக்கிறது. 2020க்குப் பிந்தைய இறக்குமதித் தடைகளும், 2022இன் டொலர் தட்டுப்பாடும் அந்த வாசலையும் பல காலம் அடைத்து வைத்தன.

அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதியில் போகிறவர்களுக்குத் தெரியும், முதல் பாதி வழி நெடுக ரப்பர் தோட்டம், அப்புறம்தான் தேயிலை. ரப்பர் பால் வடியும் மரங்களின் நடுவே ஏறிவரும் லொறி, மேலே வந்து ரப்பருக்காகக் காத்து நிற்கிறது. உலகச் சந்தைக்குப் பாரந்தூக்கி இயந்திரங்களின் திட டயர்களை அனுப்பும் நாடு இது. ஆனால் அந்தத் திட டயர் ஆலை முற்றத்தில் மெதுவாக ஊர்வதற்கானது, வீதி லொறிக்கு ஆகாது. அரிதான அளவுக்கு அச்சு வார்க்க ஓர் ஆலைக்குப் போதிய ஓர்டர் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ரப்பர் இருந்தால் மட்டும் டயர் வந்துவிடாது.

சரியான அளவு கிடைக்காதபோது மூன்று குறுக்கு வழிகள் கண்ணில் படும். மூன்றுமே ஆபத்தானவை. மலையில் இரட்டிப்பு ஆபத்து.

முதலாவது, டிராக்டர் டயர். டிராக்டரின் முன்சக்கர டயர்களிலும் 7.50-16, 7.50-20 என்று எழுதப்பட்டிருக்கும். ரிம்மில் கச்சிதமாக ஏறும், விலையும் குறைவு. ஆனால் அந்த டயர் வயலுக்காகச் செய்தது. அளவு எண்ணுக்குப் பின்னால் பொறித்திருக்கும் வேகக் குறியைப் பாருங்கள். ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோமீற்றர், ஏ8 என்றால் 40 கிலோமீற்றர், அதற்கு மேல் ஓட்டக்கூடாது. லொறி டயரில் ஜே, கே, எல் போன்ற எழுத்துகள் வரும். அவை முறையே 100, 110, 120 கிலோமீற்றர். றம்பொடை இறக்கத்தில் கொழுந்து ஏற்றிய லொறி நாற்பதைத் தாண்டாமலா வரும்? சூடேறிய டிராக்டர் டயர் முன்சக்கரத்தில் வெடித்தால் ஸ்டியரிங்கைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. அதே இடத்தில் இருக்கும் எண்தான் சுமையளவு. 122 என்றால் ஒரு டயர் 1500 கிலோ தாங்கும் என்று பொருள். பழைய நைலோன் டயர்களில் அதற்குப் பதிலாக 12 பிஆர், 14 பிஆர், 16 பிஆர் என்று வலிமைத் தரம் இருக்கும். முன்பு மாட்டியிருந்த டயரின் தரத்துக்குக் கீழே இறங்கக்கூடாது, அவ்வளவுதான் விதி.

இரண்டாவது, கிடைத்த பெரிய டயரை மாட்டுவது. 7.50-20 இல்லை என்று 9.00-20ஐத் திணிப்பார்கள். பெரிய டயர் என்றால் பெரிய பலம் என்று தோன்றும், உண்மை அதற்கு நேர்மாறு. முதல் டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 37 அங்குலம், பின்னதற்கு 40 அங்குலம். சக்கரம் கிட்டத்தட்ட 9 சதவீதம் உயரமாகிறது. பிரேக் டிரம் அதே அளவுதான் என்பதால் வீதியில் விழும் பிரேக் விசை அந்த அளவுக்குக் குறைகிறது. ஏற்றத்தில் இழுவையும், இறக்கத்தில் கியரைப் போட்டு எஞ்சினால் அடக்கும் பலமும் அதே கணக்கில் போகின்றன. வேகமானியோ உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். சமதரையில் இந்த 9 சதவீதத்தை யாரும் உணரமாட்டார்கள். ஹட்டன், நுவரெலியா வளைவுகளில் ஓட்டுநர் அதை ஒவ்வொரு நாளும் காலால் மிதித்துத் தெரிந்துகொள்வார். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள லொறியில் அகலமான டயர்கள் ஒன்றையொன்று உரசிச் சூடேறும். ஊசிமுனை வளைவில் முழுதாகத் திருப்பும்போது முன் டயர் சட்டத்திலோ ஸ்பிரிங்கிலோ இடிக்கும். ரிம்மின் அகலத்தையும் மறக்கக்கூடாது. 7.50-20க்கு ஆறு அங்குல ரிம் போதும், 9.00-20க்கு ஏழு வேண்டும். ஒடுங்கிய ரிம்மில் அகல டயர் வளைவில் சாயும்.

7.50-20இலிருந்து 8.25-20க்குத் தாவுவது வேறு விஷயம். விட்டத்தில் நான்கு சதவீத வித்தியாசம்தான். ரிம் ஏற்றதாக இருந்து, இடைவெளியும் போதுமானால், எல்லாச் சக்கரங்களையும் ஒன்றாக மாற்றும்போது இதை நான் ஏற்கக்கூடிய சமரசம் என்பேன். ஒரு சக்கரத்தில் மட்டும் மாற்றுவதை ஒருபோதும் ஏற்கமாட்டேன். இரட்டைச் சக்கரத்தில் ஒன்று உயரமாக இருந்தால் சுமை முழுவதும் அதன் தலையில் விழும், குட்டையானது தேய்ந்து இழுபடும். 8.25-20 வரையிலான டயர்களில் இரண்டுக்கும் விட்ட வித்தியாசம் கால் அங்குலத்துக்குள், அதற்குப் பெரிய டயர்களில் அரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். நாடாவைச் சுற்றி அளந்தே மாட்ட வேண்டும்.

மூன்றாவது, முன்னால் ரேடியல், பின்னால் நைலோன் என்று கலப்பது. ரேடியல் வளைவில் இறுக்கமாகப் பிடிக்கும், நைலோன் நழுவும். முன்னுக்குப் பிடியும் பின்னுக்கு நழுவலும் கொண்ட வண்டி மழைநாளில் பின்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். ஒரே எக்ஸலில் கலப்பதோ அதைவிட மோசம். பழைய ரிம்மில் ரேடியல் போட எண்ணுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்த ரிம்கள் ரேடியலின் அழுத்தத்தை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல, ரேடியலுக்குத் தனி டியூப்பும் தேவை. தோட்டத்துக் கல்பாதையில் பக்கச் சுவர் தடித்த நைலோன் டயரே கூர்க்கற்களைத் தாங்கும் என்பது என் துணிபு. 20 அங்குல ரிம்மை விட்டு 22.5 அங்குல டியூப்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உதவும்: 7.50-20க்கு ஈடு 8-22.5, 8.25-20க்கு 9-22.5, 9.00-20க்கு 10-22.5. ஆனால் ரிம்களும் மாற வேண்டும், செலவு அங்கேதான்.

இந்த லொறிகளின் ரிம் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பழைய 20 அங்குல ரிம்கள் பல துண்டுகள் சேர்ந்தவை. டயரை ஏற்றியபின் லாக் ரிங் ஒன்றைத் தட்டி இருத்துவார்கள். மலையகத்தின் ஈரக்காற்றில் அந்த ரிங்கும் அதன் பள்ளமும் துருவேறி அரிக்கும். சரியாக அமராத ரிங் காற்றேற்றும் கணத்தில் பறந்தால் எதிரே நிற்பவர் உயிர் தப்புவது அரிது. அமெரிக்காவில் இந்த விபத்துகள் பெருகியதால்தான் 1980இல் தனி விதியே வகுத்தார்கள்: காற்றேற்றும்போது டயர் இரும்புக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். டயர் கடையில் கூண்டு இல்லையா? ரிங்கைச் சுற்றிச் சங்கிலியாவது கட்டச் சொல்லுங்கள், தள்ளி நின்று நீண்ட குழாயால் காற்றடிக்கச் சொல்லுங்கள். வேறு கம்பெனியின் ரிங் பார்வைக்குப் பொருந்துவதுபோல் இருந்தாலும் பொருந்தாது. வேண்டிய காற்றில் 80 சதவீதத்துக்குக் கீழே ஓடிய டயரைக் கழற்றிப் பார்க்காமல் மறுபடி ஊதக்கூடாது. இரட்டைச் சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்துவதற்கு முன் இரண்டு டயர்களின் காற்றையும் வால்வு ஊசியைக் கழற்றி முழுதாக வெளியேற்றிவிட வேண்டும். கூலிக்கு நிற்கும் பையன் இவற்றை அறிந்திருக்க மாட்டான். கற்றுக்கொடுக்க வேண்டியது கடைக்காரரும் லொறிச் சொந்தக்காரரும்.

வாங்கும்போது டயரின் வயதையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய டயர்களில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது போன நூற்றாண்டுச் சரக்கு, கடையில் பளபளத்தாலும் தொடாதீர்கள். பக்கச் சுவரை விரலால் அழுத்தி வளைத்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். ரீட்ரெட் செய்த டயர், நம் ஊரில் டேக் டயர் என்பார்களே, அதை நான் வெறுக்கவில்லை. உட்கூடு நல்லதாக இருந்தால் பின்சக்கரத்துக்கு அது மதிப்பான பொருள். முன்சக்கரத்துக்கு ஒருபோதும் வேண்டாம்.

காற்றைப் பற்றி ஒரு சிறு கணக்கு. கொழும்பில் 30 பாகை வெப்பத்தில் 80 பவுண்ட் அடித்து, 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் 12 பாகைக் குளிரில் பார்த்தால் மானி 77 அளவில் நிற்கும். உயரத்தால் மானி சற்றுக் கூட்டிக் காட்டினாலும் குளிர் அதைவிட அதிகமாகக் குறைத்துவிடும். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், மேலேயே அளந்து சரிசெய்ய வேண்டும்.

இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தோட்ட லொறியில் கொழுந்து மட்டும் போவதில்லை. அம்புலன்ஸ் எட்டாத டிவிஷன்களிலிருந்து பிரசவ வலியில் துடிக்கும் பெண்களையும் பாம்பு தீண்டியவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை இந்த லொறிகள்தான். மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் நின்றபடியே பயணிப்பதும் அவற்றின் பின்தட்டில்தான். லொறிக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும், டயர் வெடித்தால் அடிபடுவது அந்தப் பெண்கள்தான். டயருக்குச் செலவிடும் பணத்தைக் கொழுந்து இறாத்தல் கணக்கோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அளவு கிடைக்காவிட்டால் ஒரே வட்டாரத்தில் ஒரே அளவு லொறி வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு தொகுதியாக ஓர்டர் செய்வதே நடைமுறைக்கு ஏற்ற வழி. ஆறு சக்கரம், ஒரு ஸ்பெயார், ஒரே கம்பெனி, ஒரே தரம். மாட்டிய பிறகு முதல் ஐம்பது முதல் நூறு கிலோமீற்றருக்குள் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். பழைய பிரித்தானிய லொறிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுகளுக்கு மரை தலைகீழ் என்பதால், இறுக்குகிறோம் என்று தளர்த்திவிடாமல், முறுக்கும் திசையைப் பார்த்தே கைவைக்க வேண்டும்.