நிழல் மறையும் நண்பகல்



விண்வெளிக் கல்வி என்றதும் கொழும்பிலே 1965ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கோள்மண்டலக் காட்சியகமும், மொறட்டுவையில் ஆதர் சி. கிளாக் நிறுவகத்திலுள்ள தொலைநோக்கியும் நம் நினைவுக்கு வருகின்றன. மலைநாட்டுப் பாடசாலையொன்று தன் மாணவரை அங்கெல்லாம் அழைத்துச் செல்வது அரிது. ஆயினும், கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வீதியிலுள்ள அலவத்துகொடவிலே, பாடசாலை முற்றமே வானாய்வுக் கூடமாகும் நண்பகல்கள் ஆண்டில் இரு முறை வருகின்றன.

அவ்வூர் பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7.4 பாகையில் உள்ளது. ஏப்ரல் 8 அல்லது 9ஆம் திகதியன்று, நண்பகல் 12 மணி 10 நிமிடத்தை ஒட்டி, சூரியன் அங்கே தலைக்கு நேர் மேலே நிற்கும். செங்குத்தாக நாட்டிய கோலுக்கு நிழல் இராது. மாணவர் சூரியனை நேரே நோக்கலாகாது. நிலத்தை நோக்கினாலே போதும்.

இவ்வளவோடு விட்டால் அது ஐந்து நிமிட வேடிக்கை. அன்றே யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றும் 100 சென்ரிமீற்றர்க் கோல் ஒன்றை நாட்டுமாயின், அங்கே வடக்கு நோக்கி 4 சென்ரிமீற்றர் நிழல் விழும். சூரியனின் கதிர்கள் இரண்டு ஊருக்கும் இணையாகவே வருகின்றன, வளைந்திருப்பது நிலம். கோலின் உயரம் நிழலைப்போல் 25 மடங்கு. படத்தில் இரு ஊர்களுக்கும் இடையே தெற்கு வடக்காக 250 கிலோமீற்றர். அதனை 25ஆற் பெருக்கினால் 6,250 கிலோமீற்றர். இது பூமியின் ஆரை. அறிஞர் ஏற்ற அளவு 6,371. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்திலே எரத்தோஸ்தெனிஸ் பூமியின் சுற்றளவைக் கணித்த வழியும் இதுவே.

ஆனால் ஓர் இடர் உண்டு. சூரியன் புள்ளியன்று, வட்டம். ஆகவே ஒரு மீற்றர் உயரக் கோலின் நிழல் நுனி 9 மில்லிமீற்றர் அளவுக்கு மங்கிப்போகும். 40 மில்லிமீற்றரை அளக்கப் புகுந்தவனுக்கு அது சிறிதன்று. கோலின் உச்சியில், ஊசித் துளையிட்ட அட்டையொன்றைக் கிடையாகப் பொருத்துக. நிலத்தில் விழும் ஒளிவட்டத்தின் நடுவைக் குறித்து, துளைக்கு நேர் கீழுள்ள இடத்தைத் தூக்குக்குண்டினால் அறிந்து, இரண்டுக்கும் இடைத்தூரத்தை அளக்கவேண்டும். அப்போதும் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் விடை 150 கிலோமீற்றருக்கு மேல் மாறும். 37 மில்லிமீற்றர் என்று அளந்த மாணவனை 40 என எழுதச் சொல்லும் ஆசிரியர், அன்றைய பாடத்தையே கெடுத்துவிடுகிறார்.

யாழ்ப்பாணம் சற்று மேற்கே இருப்பதால் அங்கு உச்சி வேளை இரண்டு நிமிடம் பிந்தும். தனியொரு பாடசாலையால் இவ்வளவை முடிக்க இயலாது. பங்குனியிலேயே கடிதம் போகவேண்டும். சித்திரை முகில் மறைத்துவிட்டால் செப்டெம்பர் 3, 4ஆம் திகதிகளில் சூரியன் மீண்டும் அலவத்துகொடவின் உச்சிக்கு வரும்.