வண்டிக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று

கார்த்திகை பிறந்துவிட்டால் ராஜபாளையத்திலிருந்து வேன்கள் தெற்கே கிளம்பிவிடும். சேத்தூர், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், செங்கோட்டை என்று போய் மலையேறினால் ஆரியங்காவு. 1989-இல் எங்கள் குழு முதன்முதலாக அங்கே ராத்தங்கல் போட்டது. வேனுக்குள் விளக்கு எரிந்தது, டேப் ரெக்கார்டரில் ஐயப்பன் பாட்டு விடிய விடிய ஓடியது. காலையில் டிரைவர் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. இருமுடிகள் சொகுசாக உள்ளே இருக்க, பதினெட்டுச் சாமிகளும் பின்னால் நின்று வண்டியைத் தள்ளினோம்.

ஊர் திரும்பியதும் பேட்டரிக் கடை அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனேன். அவர் சிரித்தார். "நூறு மீட்டர் ஓடுறவனைக் கூட்டிட்டுப் போய் ராத்திரி பூரா மூட்டை தூக்க விட்டிருக்கீங்க தம்பி. அவன் என்ன செய்வான்?"

பேட்டரி பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரிக்குள் மெல்லிய ஈயத் தட்டுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். சில விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு, வண்டி ஓடத் தொடங்கியதும் இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதை அடிவரை காலி செய்தால் தட்டு பாழாகும். மெதுவாக, மணிக்கணக்காகக் கொடுக்கும் பேட்டரிக்குத் தட்டு தடிமனாக இருக்க வேண்டும். ஆனால் அன்று எங்கள் ஊரில் பேட்டரி என்றால் ஒன்றுதான்: லாரிக்கும் அதுவே, டிராக்டருக்கும் அதுவே, மைக் செட்டுக்கும் அதுவே.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குப் பத்து நாள் முன்பே அந்தக் கடையில் இடம் இருக்காது. மைக் செட்காரர்கள் பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து சார்ஜ் போட வைப்பார்கள். மூடிகளைத் திறந்து வைத்து வரிசையாகக் கம்பி கொடுத்திருக்கும். ஆசிட் கொதிப்பதுபோல் குமிழிவிடும், நெடி தொண்டையை அடைக்கும். அண்ணாச்சியின் வேட்டியில் ஆசிட் தின்ற ஓட்டைகள். கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சி அதன் அடர்த்தியை, அதாவது 'கிராவிட்டி', பார்ப்பார். 1.250-க்கு மேலே மிதந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால் நாளை வா. என்ன வாங்குவது என்று நாம் யோசிக்கவே வேண்டியதில்லை. "எந்த வண்டி?" என்பார்; சொன்னால் ஒன்றை இறக்கி வைப்பார்.

இத்தனைக்கும் சரியான ஏற்பாடு எங்கள் கண்ணெதிரேதான் ஓடிக்கொண்டிருந்தது. விருதுநகர் – தென்காசி மீட்டர்கேஜ் ரயிலில் ராத்திரிப் பயணம் செய்தவர்களுக்கு நினைவிருக்கும். வண்டி ஸ்டேஷனில் நின்றதும் விளக்கு மங்கும், நகர்ந்து வேகம் பிடித்ததும் பிரகாசமாகும். ஓடும்போது அச்சிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றும் டைனமோ. நின்றால் பெட்டிக்கு அடியில் இருக்கும் பேட்டரி. இழுக்கும் எஞ்சினுக்கும் பெட்டி விளக்குக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது. விளக்குக்குத் தனிப் பேட்டரி என்ற அந்தப் புத்தி எங்கள் வேனுக்கு வர இன்னும் இருபத்தைந்து வருடம் ஆனது.

வரவழைத்தது மின்வெட்டு. 2012-இல் தென்மாவட்டங்களில் பகலில் பாதி, ராத்திரியில் பாதி என்று கரண்ட் போனது. மில்களும் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளும் பட்ட பாடு தனிக்கதை. ஒவ்வொரு வீட்டிலும் இன்வெர்ட்டர் வந்தது, அதோடு மணிக்கணக்காகக் கொடுக்கும் பேட்டரிக்கு 'டியூபுலர்' என்ற சொல்லும் வந்தது. தொலைக்காட்சித் தொடருக்கு நடுவே எத்தனை ஆம்பியர்-அவர் என்று பேசும் பெரியம்மாக்களை நான் பார்த்தேன். பேட்டரியைக் கொள்ளளவால் அளக்கும் பழக்கம் ஊருக்கு வந்தது அப்போதுதான்.

அதைப் பார்த்துச் சிலர் வீட்டு டியூபுலரையே தூக்கி வேனுக்குள் வைத்தார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐம்பது அறுபது கிலோ எடை, உயரமான டப்பா, வளைவில் சாய்ந்தால் ஆசிட் தளும்பும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வேறு. பன்னிரண்டு பேர் தூங்கும் வண்டிக்குள் அது எதற்கு?

இப்போது லித்தியம். அதிலும் வேனுக்கு ஏற்றது இரும்பு, பாஸ்பேட் சேர்ந்த வகை. சூட்டில் சட்டென்று தீப்பிடிக்கும் குணம் மற்ற லித்தியத்தைவிட இதற்குக் குறைவு. இந்தக் குடும்பத்துக்கு அடிப்படையான ஆராய்ச்சியை 1980-களில் விஞ்ஞானி குட்எனஃபுடன் சேர்ந்து செய்தவர் ஆறுமுகம் மந்திரம். தென்தமிழ்நாட்டு அமரபுரம் கிராமத்தில் பிறந்து, மதுரையில் வேதியியல் படித்தவர். குட்எனஃபுக்கு 2019-இல் நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் இவரே. நம் ஊர் பேட்டரிக் கடைகளில் ஒரு படம் மாட்டுவதென்றால் இவர் படத்தை மாட்டலாம்.

கணக்குக்கு வருகிறேன். எங்கள் வேனில் ஒரு ராத்திரிக்கு: ஐந்து வாட் விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம் – 100 வாட்-அவர். இருபது வாட் மின்விசிறி இரண்டு, எட்டு மணி நேரம் – 320. பன்னிரண்டு செல்போன் – 240. பாட்டுப்பெட்டி – 120. மொத்தம் 780. பன்னிரண்டு வோல்டால் வகுத்தால் 65 ஆம்பியர்-அவர். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆகவே 130 வேண்டும், கடையில் கிடைப்பது 150. லித்தியத்தில் எண்பது சதவீதம் தாராளமாக எடுக்கலாம். 100 போதும், எடையும் ஏறத்தாழ பன்னிரண்டு கிலோதான். குட்டி ஃபிரிட்ஜ் வைக்க ஆசையென்றால் ஒரு நாளைக்கு இன்னொரு 500 வாட்-அவராவது சேருங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுங்கள். 2,000 வாட் அடுப்பு பன்னிரண்டு வோல்டில் 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கேஸ் அடுப்பே உத்தமம்.

வெளிநாட்டு யோசனைகளையும் அப்படியே எடுக்கக் கூடாது. பனியில் லித்தியத்தைச் சார்ஜ் செய்யாதே என்று அங்கே பெரிதாக எச்சரிப்பார்கள். நமக்குப் பனியா பிரச்சினை? சித்திரை வெயிலில் எங்கள் ஊர்ப் பஞ்சு மார்க்கெட் பக்கம் நிறுத்திய வேனுக்குள் கை வைத்துப் பாருங்கள். சூடு ஈயத்துக்கும் எமன், லித்தியத்துக்கும் எமன். சீட்டுக்கு அடியில், எஞ்சின் அனல் படாத, காற்று வரும் இடமாகப் பார்த்து வையுங்கள். இன்னொன்று: லித்தியத்தை ஆல்டர்னேட்டரோடு நேராக இணைத்தால், அது அகப்பட்டதையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் இருந்தே ஆக வேண்டும். அதை மிச்சம் பிடிக்கச் சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

அண்ணாச்சி கடையை இப்போது மகன் நடத்துகிறார். ஆசிட் நெடி இல்லை, கண்ணாடிக் குழாய் மேஜை டிராயரில் கிடக்கிறது. பழைய ஈய பேட்டரியைக் கொடுத்தால் எடைக்கு விலை கழிக்கிறார். லித்தியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் கேள்வி மட்டும் மாறவில்லை. "எந்த வண்டிண்ணே?" என்றார் என்னிடமும். ராத்திரி என்னென்ன ஓடும் என்று கேட்டிருக்க வேண்டும்.

அதனால் கடைக்குப் போகும்முன் ஒரு துண்டுத் தாளில் அந்தப் பட்டியலை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். சீசன் முடிந்து வேன் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்பதானால் இரண்டு பேட்டரியின் மைனஸ் வயரையும் கழற்றி வையுங்கள்.