உங்களுக்குத் தெரியுமா? வேலியோர ஆடாதொடையும் மருந்துக்கடை மாத்திரையும்

ஆடு, மாடு வாய்வைக்காத கசப்புள்ளது என்பதால் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேலியாகவும் நடப்படும் ஆடாதொடையின் இலையில் வாசிசின் என்னும் ஆல்கலாய்டு, அதாவது தாவரங்களில் உண்டாகும் நைட்ரஜன் கலந்த வேதிப்பொருள், உள்ளது. அதன் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டே 1960களில் ஜெர்மனியில் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவாக்கப்பட்டது. இன்று பரவலாக விற்கும் ஆம்ப்ராக்சால், புரோம்ஹெக்சின் உடலுக்குள் மாற்றமடைந்து தோன்றும் பொருளேயாகும். இவை சளிக்குப் பசைத்தன்மை தரும் நீண்ட இழைகளைத் துண்டித்து அதை நீர்க்கச் செய்வதால், மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஓயாது அசையும் நுண்மயிர்கள் அதை மேலே தள்ள, இருமும்போது சளி எளிதாக வெளியேறுகிறது.

வறட்டு இருமலுக்கான டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் செயல்படும் வழி முற்றிலும் வேறு. அது மூளைத்தண்டின் முகுளத்தில் இருமலைத் தூண்டும் மையத்தையே அடக்குவதால், நெஞ்சு நிறையச் சளி உள்ளவருக்குக் கொடுத்தால், வெளியேற வேண்டிய சளி உள்ளேயே தேங்கக்கூடும். எனவே இருமலின் வகை அறியாமல் கடையில் கேட்டு வாங்கிக் குடிப்பது ஏற்கத்தக்கதன்று.

மார்த்தாண்டம் பகுதியில் பெருமளவில் எடுக்கப்படும் தேன், தொண்டையில் படலமாகப் படிந்து உறுத்தலைத் தணிக்கும். எனினும் அதில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கக்கூடும் என்பதால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாவில் தொட்டுவைப்பதும் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் 2025 அக்டோபரில் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது.