இடம் பெயர்ந்தும் அருள் குன்றா ஆலயங்கள்
சிங்கப்பூர் நகர வளர்ச்சியும் இந்துக் கோயில்களும்

திருவிழாக் காலத்தில் கொடியேற்றமும் பால்குடமும் இரதப் பவனியும் கண்டு மகிழும் பக்தப் பெருமக்களுள் பலர், தாங்கள் கரங்கூப்பி நிற்கும் சந்நிதி எங்கே தோன்றி, எவ்வழியே வந்து, இன்றைய இடத்தில் நிலைபெற்றது என்பதை அறிந்திருப்பதில்லை. சிங்கப்பூரின் இந்து ஆலயங்கள் பலவற்றின் வரலாறு, இந்நகரம் திட்டமிடப்பட்டு, இடிக்கப்பட்டு, மீண்டும் எழுப்பப்பட்ட வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது ஆகும்.

தமிழகத்தின் மதுரை மாநகரில் ஆலயத்தை நடுவில் வைத்து, ஆடி, சித்திரை, மாசி எனத் திருவிழா மாதங்களின் பெயரால் வீதிகள் சுற்றிலும் அமைந்தன. அங்குக் கோயிலுக்காக ஊர் அமைந்தது. சிங்கப்பூரிலோ ஊரின் வரைபடத்திற்கு ஏற்பக் கோயில் இடம் தேட வேண்டியதாயிற்று.

முதல் ஆலயமும் முதல் நகரத் திட்டமும்

1819-ஆம் ஆண்டு மே மாதம் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்திறங்கிய நாராயண பிள்ளை, இங்கு குடியேறிய இந்துக்களுக்கு ஓர் ஆலயம் வேண்டுமென விரும்பினார். முதலில் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நிலம் ஒதுக்கப்பட்டது. ஆனால், அபிஷேகத்திற்கும் நித்திய பூசைக்கும் இன்றியமையாத நல்ல நீர் அவ்விடத்தில் கிடைக்கவில்லை. பின்னர் 1821-இல் ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய் அருகே வேறொரு நிலம் கிடைத்தது. அடுத்த ஆண்டே லெப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் வரைந்த நகரத் திட்டத்தில் அப்பகுதி வேறு தேவைகளுக்கென ஒதுக்கப்பட்டுவிட்டது. இறுதியாக 1823-இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இடம் வழங்கப்பெற்று, 1827-இல் மரமும் அத்தாப்பும் கொண்டு ஆலயம் எழுந்தது. அதுவே இன்று கோபுரத்துடன் விளங்கும் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம்.

நகரத் திட்டத்தால் இடம் மாறிய முதல் கோயில் இதுவே எனலாம். ஆயினும் நிலைபெற்ற பின்னர் அன்னை தன் பெயரையே தெருக்களுக்கு அளித்தாள். ஆலயத்தின் இருபுறமும் உள்ள பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட் ஆகிய இரண்டும் அக்கோயிலை வைத்தே பெயர் பெற்றவை.

வீடமைப்புக் காலம்

1960-ஆம் ஆண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோற்றம் பெற்றது. நெரிசல் மிகுந்த கடைவீடுகளிலும் கம்பங்களிலும் வாழ்ந்த மக்கள் அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். 1966-இல் நிறைவேறிய நில எடுப்புச் சட்டம், பொதுத் தேவைகளுக்காக நிலங்களைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 1971-இல் தீவு முழுமைக்கும் நெடுங்காலத் திட்டம் வகுக்கப்பட்டது. 1974-இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் அமைந்தது.

இம்மாற்றத்தால் மக்களுக்குக் கிடைத்த நன்மைகளை யாரும் மறுக்க இயலாது. குழாய் நீர், மின்சாரம், சுகாதார வசதி, சொந்த வீடு ஆகியவை எளிய குடும்பங்களுக்கும் எட்டின. எனினும் ஒரே தெருவில், ஒரே தொழிலிடத்தில் கூடி வாழ்ந்து, தங்கள் கைப்பொருளில் கோயில் கட்டிய மக்கள் பல பேட்டைகளுக்குப் பிரிந்து சென்றனர். கோயில் இருந்த இடத்தில் அடியார்கள் இல்லை. அடியார்கள் சென்ற இடத்தில் கோயில் இல்லை.

தொழிலாளர் வழிபாட்டில் தோன்றிய கோயில்களே இம்மாற்றத்தைப் பெரிதும் சந்தித்தன. அலெக்சாண்டிரா செங்கல் சூளைப் பகுதியில் தோன்றிய ஸ்ரீ ருத்ர காளியம்மன் ஆலயம் டிப்போ ரோட்டில் குடிகொண்டது. செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளர்கள் வழிபட்ட புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் ஈசூனுக்குப் பெயர்ந்தது. ரயில்வே தொழிலாளர்கள் குவீன்ஸ்வேயில் வணங்கிய ஸ்ரீ முனீஸ்வரன் இன்று காமன்வெல்த் டிரைவில் அருள்பாலிக்கிறார்.

ரயில் பாதையும் சிவாலயமும்

ஆர்ச்சர்ட் ரோடு தோபி காட் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டு முதல் விளங்கி வந்தது ஸ்ரீ சிவன் ஆலயம். பெருவிரைவு ரயில் நிலையம் அமைப்பதற்காக அந்நிலம் தேவைப்பட்டதால், 1983-இல் ஆலயம் சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்தை அடுத்த தற்காலிக இடத்திற்கு மாற்றப்பட்டது. பெருமாளின் அருகில் சிவபெருமான் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வீற்றிருந்தார். பின்னர் கேலாங் ஈஸ்டில் சுமார் 3,000 சதுர மீட்டர் நிலத்தில், வடநாட்டு, தென்னாட்டுக் கட்டடக் கலைகள் இணைந்த எண்கோண அமைப்பில் புதிய ஆலயம் எழுந்து, 1993-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் மகா கும்பாபிஷேகம் கண்டது.

அதே ரயில் திட்டத்தால் சாமர்செட் ரோட்டிலிருந்த ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆலயமும் இடம்பெயர்ந்து, 1986-இல் தோ பாயோ லோரோங் 8-இல் நிலைகொண்டது. இந்து அறக்கட்டளை வாரியம் பராமரிக்கும் நான்கு ஆலயங்களுள் இரண்டு இவ்வாறு ரயிலுக்கு வழிவிட்டவை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆலயத்தை இடம் மாற்றுவது வீடு மாறுவது போன்றதன்று. ஆகம முறைப்படி மூல மூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, பாலாலயத்தில் எழுந்தருளச் செய்ய வேண்டும். புதிய கருவறை முற்றுப்பெறும் வரை அங்கு நித்திய பூசை தடையின்றி நடைபெற வேண்டும். பின்னர் யாகசாலை, கும்பாபிஷேகம், 48 நாள் மண்டலாபிஷேகம் எனக் கிரியைகள் தொடரும். இவையனைத்திற்கும் சிவாச்சாரியார்களும் ஸ்தபதிகளும் வேண்டும். அவற்றிற்கு மேலாக உபயகாரர்களின் கொடையும் தொண்டூழியர்களின் உழைப்பும் வேண்டும்.

காக்கப்பட்டவை

நகரச் சீரமைப்பு, அகற்றியதோடு நின்றுவிடவில்லை, காத்தும் வந்துள்ளது. 1971-இல் நினைவுச் சின்னங்கள் பாதுகாப்பு வாரியம் அமைக்கப்பட்டு, 1973-இல் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1978-இல் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயமும், 2014-இல் டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயமும் அச்சிறப்பைப் பெற்றன. 1989-இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் வட்டாரங்கள் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாயின. அதனால்தான் தீமிதிக்காகச் சிராங்கூன் ரோட்டிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு வரை நடந்து செல்லும் அடியார்கள், வானளாவிய கட்டடங்களைக் கடந்தபின் பழைய கடைவீடுகளுக்கிடையே அன்னையின் கோபுரத்தைத் தரிசிக்க முடிகிறது.

ஒரு காலத்தில் ஆலயங்களை அகற்றிய ரயில் இன்று அடியார்களை ஆலயங்களுக்கு அழைத்து வருகிறது. 2003-இல் திறக்கப்பட்ட ஃபேரர் பார்க் நிலையம் பெருமாள் ஆலயத்திற்கும், 2022-இல் திறக்கப்பட்ட மேக்ஸ்வெல் நிலையம் மாரியம்மன் ஆலயத்திற்கும் அருகில் உள்ளன.

இனி வரும் கடமை

சவால்கள் முடிந்துவிடவில்லை. நிலம் குறைந்த இந்நாட்டில், புதிய வழிபாட்டுத் தலங்களுக்கான நிலம் பெரும்பாலும் 30 ஆண்டுக் குத்தகைக்கே வழங்கப்படுகிறது. இன்று கும்பாபிஷேகம் காணும் ஆலயத்தின் நிர்வாகம், அடுத்த தலைமுறை செலுத்த வேண்டிய குத்தகைத் தொகையையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. தனித்து நிற்க இயலாத சிறு கோயில்கள் ஒன்றிணைவதும் ஒரு வழி. செங்காங்கில் உள்ள அருள்மிகு வேல்முருகன் ஞான முனீஸ்வரர் ஆலயத்தின் பெயரே அவ்விணைப்பைக் கூறும். இணைவதில் மனக்கசப்பு எழுவதும் உண்டு. எந்தத் தெய்வம் மூலவராக விளங்குவது, எவ்விழா முதலில் நடைபெறுவது என்பன எளிதில் தீரும் கேள்விகள் அல்ல. விட்டுக்கொடுக்கும் உள்ளம் இருந்த இடத்தில் விளக்கு அணையாது எரிகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. நில ஆவணமும் கணக்கும் முறையான பதிவும் இல்லாத கோயில், மாற்று இடம் கோரும்போது எடுத்துக்காட்ட ஒன்றுமின்றி நிற்கும். பழைய ரசீதுகள், அழைப்பிதழ்கள், புகைப்படங்கள் ஆகியவற்றைப் பேணுவதும் திருப்பணியே. கோயிலின் ஆரம்ப நாட்களை அறிந்த முதியோர் நம்மிடையே குறைந்து வருகின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் பணியை இளையோர் மேற்கொள்ளலாம்.

பழைய பேட்டையிலிருந்து தொலைவிற்குக் குடிபெயர்ந்தவர்கள், ஆண்டுக்கு ஒரு முறையேனும் தங்கள் பெற்றோர் வழிபட்ட ஆலயத்தை நாடி வருதல் வேண்டும். புதிய பேட்டையில் வாழ்பவர்கள் அருகிலுள்ள ஆலயத்தைத் தங்களுடையதாக ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். நகரம் இனியும் மாறும். சாலைகள் விரியும், கட்டடங்கள் உயரும். அம்மாற்றங்களுக்கு இடையே ஆலயத்தைத் தாங்கி நிற்பது கல்லும் சுண்ணாம்பும் அன்று, அடியார் கூட்டமே. இத்திருவிழா நன்னாளில் பக்தப் பெருமக்கள் அனைவரும் குடும்ப சமேதராய் ஆலயம் சென்று, திருப்பணிகளில் பங்குகொண்டு, எல்லாம் வல்ல இறைவனின் திருவருளைப் பெறுவார்களாக.