உப்புக்காற்றும் உருக்குச் சட்டமும்

சென்னைக்கு உருக்கு மிதிவண்டி புதிதன்று. அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்ற ஆண்டு 1949. ஆயினும் வண்டி வாங்கப் புகுவோர் விளக்கையும் சாயத்தையும் நோக்குவரேயன்றிச் சட்டத்தை நோக்குவார் சிலரே. ஏனைய உறுப்புகளைக் காசு சேருந்தோறும் மாற்றலாம். சட்டமோ வண்டியின் முதுகெலும்பாம். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய கடலோரப் பகுதிகளில் அதன் பகை உப்புக்காற்றே.

பின்புறம் அதிர்வுதாங்கும் வில்லில்லாத மலைமிதிவண்டிக்குரிய உருக்குச் சட்டம் இருவகைத்து. ஒன்று சாதாரண உருக்கு. மற்றொன்று குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது. இரண்டின் அடர்த்தியும் விறைப்பும் ஏறக்குறைய ஒன்றே. கலப்புருக்கு வலிமை மிக்கதாதலின் குழாயின் சுவரை மெல்லிதாக்கலாம். எடை குறைவது அதனாலேயாம். ஆனால் மெல்லிய சுவரைத் துரு விரைவில் துளைத்துவிடும். ஆதலின் கைப்பொருள் சுருங்கிய மாணவர்க்குத் துருவேறிய பழங்கலப்புருக்கினும் பழுதற்ற சாதாரண உருக்கே நன்று.

தேரும் முறை யாதெனின், முதற்கண் இருக்கைத் தண்டைக் கழற்றிக் குழாயின் உட்புறத்தைக் காண்க. பற்றவைத்த மூட்டுகளிலும் பெடல் அச்சுக்கூட்டின் அடியிலும் சாயம் கொப்பளித்திருப்பின் விலக்குக. பின்சக்கர அச்சுப் பொருந்தும் இடமொன்றில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றி மற்றையிடத்திற்கு இழுத்து, இருக்கைக்குழாயின் இருபுறமும் இடைவெளி ஒத்துளதாவென அளக்க. வண்டியின் மேற்குழாய்க்கு இருபுறமும் காலூன்றி நிற்குங்கால், உடற்கும் குழாய்க்குமிடையே இரண்டங்குலமேனும் இருத்தல் வேண்டும்.

அலுமினியச் சட்டம் விண்டால், பற்றவைத்தபின் பெரும்பாலும் வெப்பப்பதமும் செய்தல் வேண்டும். உருக்குச் சட்டத்தையோ தேர்ந்த வெல்டிங் பட்டறையிலேயே செப்பனிடலாம். வாங்கியபின் குழாயினுள்ளே எண்ணெய் பூசி வருக. சிறுசெலவே பெருஞ்செலவைத் தடுக்கும்.