குழியை மூட முன் குழாயின் பொருத்துகளைப் பாருங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமியின் பின் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது போன்ற கரையோர ஊர்களில் வீடுகள் புதிதாகக் கட்டப்பட்டன. பல வளவுகளில் கிணற்று மோட்டருக்கும் வெளிக் குளியலறைக்கும் மின்சாரம் மண்ணுக்குள் புதைத்த பிவிசி குழாய் வழியாகச் செல்கிறது. குழி மூடப்பட்ட பின் அந்த வேலையின் பிழை கண்ணுக்குத் தெரியாது. எனவே மூட முன் நீங்களே பாருங்கள்.

ஏன் இது முக்கியம்?

நமது மண் கடல்மணல். மாரி காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும். பொருத்தில் இடைவெளி இருந்தால் தண்ணீரோடு மணலும் குழாய்க்குள் புகும். மேலே உள்ள மண் இறங்கும், குழாய் வளையும், இடைவெளி இன்னும் பெரிதாகும். உவர்நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். செப்புக் கம்பியையும் அரிக்கும். வயரின் உறை பழுதடைந்திருந்தால் ஈரத்தில் நிற்கும் பிள்ளைக்கு மின்சாரம் தாக்கலாம்.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. குழாயை நேராக வெட்டி, விளிம்பின் பிசிறை நீக்க வேண்டும். பிசிறு வயரின் உறையைக் கிழிக்கும்.
2. குழாயின் வாயை நெருப்பில் சூடாக்கி விரித்துப் பொருத்த விடாதீர்கள். அளவான சொக்கட் பாவிக்கச் சொல்லுங்கள்.
3. மணலையும் ஈரத்தையும் துடைத்து, இரு பக்கமும் பிவிசி பசை பூச வேண்டும். கடைசிவரை தள்ளி, கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் பிடிக்க வேண்டும். மழையில் ஒட்ட வேண்டாம்.
4. பசை டின்னில் குறிப்பிட்ட நேரம் வரை குழாயை அசைக்கக் கூடாது.
5. குழி சுமார் இரண்டு அடி ஆழம் இருக்கட்டும். அடியிலும் மேலும் சுத்தமான மணல் போடுங்கள். உடைந்த வீட்டின் கல், கண்ணாடித் துண்டுகளைத் திரும்பக் கொட்டாதீர்கள்.
6. குழாயின் இரு வாய்களும் வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலே, கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். வயர் இழுத்த பின் வாயைச் சிலிக்கன் பசையால் அடைக்க வேண்டும். துணியும் கடதாசியும் ஈரத்தை உறிஞ்சும்.

எப்படிச் சோதிப்பது?

வயர் இழுக்க முன், பசை காய்ந்த பின், குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டத்தை அடையாளமிடுங்கள். ஒரு மணி நேரத்தில் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோதனை முடிந்ததும் கயிற்றில் துணி கட்டி உள்ளே இழுத்து உலர்த்துங்கள்.

மறக்க வேண்டாம்

நன்றாக ஒட்டிய குழாய்க்குள்ளும் காலப்போக்கில் ஈரம் சேரலாம். ஆகவே நிலத்தடிக்கு உரிய கேபிளையே பாவியுங்கள். குழாய்க்குள் வயரை முறுக்கி இணைக்க இடமளிக்காதீர்கள். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் அவசியம். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மழையில் அது அடிக்கடி விழுந்தால் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். தேர்ச்சி பெற்ற மின் வேலையாளரை அழையுங்கள். மீட்டருக்கு முன்னுள்ள வயரை மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்தினர் மட்டுமே தொட வேண்டும்.